ரிலீவர் பாட்டைப் பாடினது யாரு?

மத்த தொழில்ல எல்லாம் பேர் எடுக்கத்தான் பாடுபடணும். அண்டர்கிரவுண்ட் ராப் பாடகன் ஒருத்தன்தான் தன் பேரு வெளிய வந்துடக் கூடாதேன்னு பாடுபடணும்.

போர்வைக்குள்ள தலைய விட்டு, ஹெட்போன் மைக்க உதட்டோட ஒட்டிக்கிட்டு, பக்கத்துப் பாய்க்காரன் முழிச்சிருவானோன்னு பயந்து பயந்து பாட்டுப் பதிவு பண்ணின சகோதரர்களே, நீங்க இதைப் படிச்சு சிரிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். மத்தவங்க சிரிச்சுக்கட்டும்.

நான் தென்காசிப் பக்கம். ஐடிஐ முடிச்சிட்டு ஒரகடத்துல காருக்கு பம்பர் செய்ற கம்பெனி ஒண்ணுல டிரெய்னியா சேர்ந்தேன். தங்கினது சுங்குவார்சத்திரத்துல ஒரு ரூம். டிரெய்னி காலம் முடிஞ்சதும் சில பேரைப் பர்மனென்ட் பண்ணுவாங்க, மத்தவங்களுக்குக் கை குலுக்கி கேட்டுக்கு வெளிய விட்டுருவாங்க. வாய் பேசுறவன், சங்கம் கிங்கம்னு மோப்பம் பிடிக்கிறவன் எல்லாம் ரெண்டாவது வகை. எங்கப்பாவோ நான் சேர்ந்த அன்னைக்கே மகன் பர்மனென்ட் ஆயிட்டான்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டாரு. அந்த நிலைமையில கம்பெனியக் கிண்டல் பண்ணி ராப் பாடணும்னு எனக்கு ஆசை. அதனால என் சொந்தப் பேர மூட்டை கட்டி வெச்சிட்டு, ராப் பாடகங்க வழக்கப்படி முன்னால எம்.சி. போட்டு, எம்.சி. கரிச்சட்டின்னு ஒரு பேரு வெச்சுக்கிட்டேன்.

எந்த சாமி?

முதல்ல என்னைப் போட்டது பெயின்ட் ஷாப்புல. ராப் பாடகனுக்கு அத விடச் சொர்க்கம் கிடையாது. மூக்கு வாய் எல்லாம் மூடி மாஸ்க் போட்டுருவாங்க. எட்டு மணி நேரமும் உள்ளுக்குள்ள வாய் ஆடும், வெளிய ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. பாதிப் பாட்டு அங்கதான் எழுதினேன். பேப்பர் கிடையாது, பேனா கிடையாது, எல்லாம் வாய்க்கணக்கு.

அப்புறம் அசெம்பிளி லைனுக்கு மாத்திட்டாங்க. அங்க மாஸ்க் இல்ல. பழகின வாய் சும்மா இருக்குமா? பாஸ்கர் சாருன்னு எங்க சூப்பர்வைசர், நெத்தி நிறைய திருநீறு வெச்சிக்கிட்டு வருவாரு. நாலு நாளா என்னையே பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு. அவரைத்தான் திட்டுறேன்னு சந்தேகம். மெதுவா பக்கத்துல வந்து நின்னு, என்னப்பா முணுமுணுன்னு கேட்டாரு. சாமி பாட்டு சொல்றேன் சார்னு சொல்லிட்டேன். சந்தோஷப்பட்டுப் போயிடுவாருன்னு பார்த்தா, மனுஷன் அங்கேயே நின்னு கொஞ்ச நேரம் என் வாயவே பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு:

"எந்த சாமிப்பா அது, பல்லக் கடிச்சிகினு பாட்டு சொல்லணும்னு கேக்குது?"

உள்ளே இன்னொருத்தன்

ரூம்ல நாங்க ஆறு பேரு. ஷிஃப்ட் மாறி மாறிப் போறதால ஒரு பாய் எப்பவும் சூடாவே இருக்கும். எனக்கு நைட் ஷிஃப்ட் வர்ற வாரம் பகல்ல ரூம் காலி. செல்வகுமார்னு எங்க ஊர்ப் பக்கத்துப் பய மட்டும் சில நாள் மூலையில தூங்குவான். அவன் தூங்கினா பக்கத்துல லாரி கவுந்தாலும் எந்திரிக்க மாட்டான்னு நான் நம்பினேன். அதுதான் நம்பிக்கையில செஞ்ச முதல் தப்பு, அது அப்புறம் வருது.

ராப்புல ஒரு வரிய ஒரே தடவையில சரியாப் பாட முடியாது. "யார்றா நீ, கிட்ட வந்து பாரு"ன்னு ஒரு வரி. அதையே முக்கால் மணி நேரமா பாடிக்கிட்டு இருந்தேன். ஒரு தடவை அடித்தொண்டையில, ஒரு தடவை கீச்சுக் குரல்ல. வெளிய வந்தா ஹவுஸ் ஓனர் அம்மா துணி காயப் போடுற சாக்குல கதவோரம் நிக்கிறாங்க. கையில துணியே இல்ல. உள்ள யாரு யாருன்னு கேட்டாங்க. நான் மட்டும்தாம்மான்னு சொன்னேன். என்னைத் தள்ளிட்டு உள்ள எட்டிப் பார்த்தாங்க, போர்வையத் தூக்கிப் பார்த்தாங்க, பாத்ரூம் கதவையும் திறந்து பார்த்தாங்க.

"ஒருத்தன்தான் கீறேன்னு சொல்ற, ரெண்டு பேரு அடிச்சிக்கிற சத்தம் கேக்குது. இன்னொருத்தன எங்க ஒளிச்சி வெச்சிக்கீற?"

கை தூக்கினேன்

இப்போ ரிலீவர் யாருன்னு சொல்லணும். லைன் நிக்காது. ஒண்ணுக்கு வந்தா நாம பாட்டுக்குப் போயிட முடியாது. கையத் தூக்கணும். ரிலீவர்னு ஒருத்தர் வந்து நம்ம இடத்துல நிப்பாரு, அப்புறம்தான் ஓடணும். மொத்த லைனுக்கும் ஒரே ரிலீவர். அவர் அந்தக் கோடியில யாருக்கோ நிப்பாரு, இந்தக் கோடியில நாங்க கையத் தூக்கிக்கிட்டு காலப் பின்னிக்கிட்டு நிப்போம். ஒருநாள் அப்படி நின்ன ஆத்திரத்துல வந்ததுதான் இந்தப் பாட்டு:

"லைனு ஓடுது லைனு ஓடுது நிக்காமத்தான் ஓடுது
கையத் தூக்கி நிக்கிறேன்பா, காலு ரெண்டும் ஆடுது
பம்பர் வந்து பம்பர் போவுது, நம்ம கஷ்டம் யாருக்குத் தெரியுது
ரிலீவர் வந்து சேர்றதுக்குள்ள எல்லாமே முடிஞ்சி போவுது"

என் தென்காசித் தமிழ்ல பாடினா அன்னைக்கே மாட்டிக்குவேன். அதனால மெட்ராஸ் பேச்சுல பாடினேன். அந்தப் பேச்சு எங்க கத்துக்கிட்டேன்னா, லைன்ல எனக்கு அடுத்து நின்ன ஏழுமலை அண்ணன்கிட்ட. சேரப்பணஞ்சேரிக்காரரு. அவங்க குடும்பத்துக் கழனி இப்போ எங்க பிளான்ட்டுக்கு அடியில இருக்கு. நிலம் குடுத்த வீட்டுக்கு ஒரு வேலைங்கிற கணக்குல உள்ள வந்தவரு. பாடகர் எல்லாம் கிடையாது. ஆனா வெண்கலத் தொண்டை. அவர் பஸ்ல ஏறி "இன்னாபா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா டிரைவர்கூடத் திரும்பிப் பார்ப்பாரு. அந்த இழுப்பு, அந்த நக்கல், எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கிட்டேன்.

ஒளிச்சதெல்லாம் சரி. பேர ஒளிச்சேன், ஊர ஒளிச்சேன், குரல ஒளிச்சேன். அப்புறம் ஒரு மடத்தனம் செஞ்சேன். லைன்ல கோளாறுன்னா இழுக்கறதுக்குத் தலைக்கு மேல ஒரு கயிறு தொங்கும், அத இழுத்தா ஐஸ் வண்டி மாதிரி ஒரு மெட்டு அடிக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மெட்டு. எங்க லைன் மெட்டு காதுலயே ஒட்டிக்கிட்டு இருந்ததால, பாட்டுக்கு நடுவுல அதையே வாயால வாசிச்சு வெச்சிட்டேன். வீட்டு விலாசத்தை எழுதி ஒட்டின மாதிரிதான். அது அப்போ எனக்கு உறைக்கல, நல்லா இருக்குன்னு வேற நினைச்சேன்.

கடைக்காரர் கேட்டது

வாட்ஸப் எல்லாம் எங்க கைக்கு வராத காலம். பஸ் ஸ்டாப் பக்கத்துல மெமரி கார்டுல பாட்டு ஏத்துற கடை ஒண்ணு. யாரோ ஒரு ஃப்ரெண்டு குடுத்தான்னு சொல்லி என் பாட்டைக் கடைக்காரர் கம்ப்யூட்டர்ல போட வெச்சேன். போட்டாச்சு, இனி உலகமே கேக்கும்னு காத்திருந்தேன். ஒருத்தனும் கேக்கல. மனசு கேக்காம, ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போதெல்லாம் கடையில நின்னு, அந்தக் கரிச்சட்டி பாட்டு இருக்கான்னு யாரோ மாதிரி விசாரிப்பேன். அடுத்தவங்க காதுல விழட்டும்னு கொஞ்சம் சத்தமாவே கேப்பேன். ஒருநாள் கடைக்காரர் மவுஸ விட்டுட்டு என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு.

"அத ஒருத்தனும் கேக்கறதில்ல, நீதான் தெனம் வந்து கேக்கற. அந்தக் கரிச்சட்டி உனுக்கு இன்னா, மாமனா மச்சானா?"

பஸ்ல நிமிர்ந்த தலைகள்

திடீர்னு ஒருநாள் கம்பெனி பஸ்ல பின் சீட்ல யாரோ ஃபோன்ல அந்தப் பாட்டைப் போட்டான். பாதிப் பேரு தூக்கம், மீதிப் பேரு அரைத் தூக்கம். நடுவுல அந்த லைன் மெட்டு வந்தது பாருங்க, மொத்த பஸ்ஸும் தலைய நிமித்தி மேல பார்த்தது. கயித்த யாரு இழுத்தான்னு தேடுறாங்க. அப்புறம்தான் சிரிப்பு. ஒரே நாள்ல ப்ளூடூத்துல எல்லா ஃபோனுக்கும் போயிடுச்சு. எனக்குச் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான், அடுத்த நிமிஷமே பயம். இது நம்ம லைன்தான்னு இனி சின்னக் குழந்தையும் சொல்லும்.

பாஸ்கர் சார் என் வாயப் பார்த்தாரு. நான் அடுத்தவன் வாயப் பார்த்தேன். கேன்டீன்ல யாரு தட்டுல தாளம் போட்டாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ரிலீவர் அண்ணனுக்குத்தான் ரொம்ப வருத்தம். பாவம், அவர் என்ன செய்வாரு? சோத்தை உருட்டி வெச்சிக்கிட்டு எங்க டேபிள் மொத்தத்தையும் பார்த்து அமைதியா சொன்னாரு:

"பாடுனவன் யாருன்னு தெரியட்டும். அவன் கையத் தூக்கறப்ப நான் டீ குடிக்கப் போறேன்."

நல்ல பையன்

ஹெச்.ஆர். மேடம் மூணு பேரைக் கூப்பிட்டாங்க. பாட்டு ரிலீவரப் பத்திங்கிறதால ரிலீவர் அண்ணன், வாய் ஆடுதுங்கிறதால நான், குரல் அப்படியே இருக்குங்கிறதால ஏழுமலை அண்ணன். ஒருத்தர் ஒருத்தரா உள்ள போகணும். ரிலீவர் அண்ணன் போன வேகத்துல வந்துட்டாரு. அடுத்து நான். மேடம் லேப்டாப்புல என் பாட்டைப் போட்டுட்டு, கோவமே இல்லாம, இது யாரு குரல்னு கேட்டாங்க. பர்மனென்ட் பண்ற நேரம். அப்பா முகம் கண்ணுல வந்துச்சு. தெரியாது மேடம்னு சொன்னேன். கடைசியா ஏழுமலை அண்ணன் உள்ள போனாரு. ரொம்ப நேரம் ஆச்சு.

வெளிய வந்தவரு யாரையும் பார்க்காம நேரா லைனுக்குப் போயிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள விஷயம் பிளான்ட் முழுக்கத் தெரிஞ்சிடுச்சு. நான்தான் பாடினேன், இன்னா இப்போன்னு அண்ணன் உள்ள சொல்லிட்டு வந்திருக்காரு. நிலம் குடுத்த ஆளு. அவர் மேல கைய வெச்சா அவங்க ஊரே கேட்டுல வந்து உக்காரும். கம்பெனி ஒண்ணும் செய்யல. அதுமட்டுமா, அடுத்த வாரத்துலருந்து எங்க லைனுக்கு ரெண்டு ரிலீவர். ஆளாளுக்கு ஏழுமலை அண்ணன் முதுகுல தட்டினாங்க. நானும் போய்த் தட்டினேன். வேற என்ன பண்றது? என்னைக் காப்பாத்தினாரா, என்கிட்ட திருடினாரான்னு அன்னைக்கு ராத்திரியெல்லாம் புரண்டேன். அது போதாதுன்னு ரெண்டு நாள் கழிச்சு வராண்டாவுல மேடம் என்னை நிறுத்தி அன்பாச் சொன்னாங்க:

"நீ நல்ல பையன். கன்ஃபர்மேஷன் வர்ற நேரம், அந்த மாதிரி பாட்டுப் பாடுற ஆளுங்களோட சேராத."

செல்வகுமார் மேல சந்தேகம்

பாடினது நான்னு ஏழுமலை அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சுது? தெரியாமலேயே தன் பாட்டுன்னு சொல்லிட்டாரா? யோசிச்சு யோசிச்சு, ரூம்லதான் எவனோ போட்டுக் குடுத்துட்டான்னு முடிவு பண்ணினேன். செல்வகுமாரும் ஏழுமலை அண்ணனும் ஒரே டீக்கடை. அவனைத் தனியாக் கூப்பிட்டு, பாட்டைப் பத்தி மூச்சு விடாம, என்னைப் பத்தி அவர்கிட்ட என்ன சொன்னடான்னு மட்டும் கேட்டேன். பய திருதிருன்னு முழிச்சான். தப்பு செஞ்ச முழிதான். கொஞ்சம் மிரட்டினதும் கக்கிட்டான்.

"ஏல, கோவப்படாத. போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு எவளோ மெட்ராஸ்காரிகிட்ட மெட்ராஸ் பாஷையில பேசுதான்னு மட்டுந்தாம்ல சொன்னேன்."

சேரப்பணஞ்சேரி மேடை

அந்த வருஷம் ஆடி மாசக் கூழ் ஊத்துற திருவிழாவுக்கு லைன்ல எல்லாரையும் ஏழுமலை அண்ணன் கூப்பிட்டாரு. போகக் கூடாதுன்னு நினைச்சேன், போனேன். ஆர்க்கெஸ்ட்ரா பாட்டுக்கு நடுவுல ஊர்ப் பசங்க அவரை மேடைக்குத் தூக்காத குறையா ஏத்தி விட்டாங்க. என் பாட்டைப் பாடினாரு. என்னை விட நல்லாப் பாடினாரு. அதைக்கூடத் தாங்கிக்கலாம். கடைசியில சொந்தமா ரெண்டு வரி சேர்த்தாரு பாருங்க:

"எங்க கழனி மேல நின்னுகினு என்னையே யாருன்னு கேக்குது கம்பெனி கேட்டு
எங்கப்பன் கெணறு இருந்த எடத்துல நிக்கிறேன் நானு கையத் தூக்கிகினு"

எதுகையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆனா எழும்புச்சு பாருங்க ஒரு விசில் சத்தம், ஸ்பீக்கரே தோத்துப் போச்சு. எனக்கு வயிறெரிஞ்சது. உள்ளதச் சொல்றேன், அந்த ரெண்டு வரி எனக்கு வந்திருக்கவே வந்திருக்காது, அந்த எரிச்சல் வேற. பக்கத்துல நின்ன ஒரு ஆளு என்னை வெளியூர்னு கண்டுபிடிச்சிட்டாரு. எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னேன்.

"அத்தினியும் எங்க ஏழுமலை எழுதுனது. உங்க பக்கம் இந்த மாதிரி எழுத ஆளு கீதா?"

என் முறை

பர்மனென்ட் ஆனேன். அப்பா ஊர்ல ரெண்டாவது தடவையா அத எல்லார்கிட்டயும் சொன்னாரு. இனி யாருக்கும் பயப்பட வேண்டாம்னு தைரியம் வந்து, குன்றத்தூர்ல இளைஞர் மன்றத்துக்காரங்க வெச்ச பொங்கல் விழாவுல என் சொந்தப் பேரச் சொல்லியே மேடை ஏறினேன். புதுப் பாட்டு, அதே மெட்ராஸ் பேச்சு. மூணு மாசம் எழுதினது. முதல் ரெண்டு வரி பாடினதும் முன் வரிசையில ஒருத்தன் இன்னொருத்தன் காதுல ஏதோ சொன்னான். அது வரிசை வரிசையாப் பின்னால போறத நான் மேடையிலருந்தே பார்த்தேன். கை தட்டினாங்க, இல்லன்னு சொல்லல. பரிசு மாதிரி ஒரு துண்டும் போத்தினாங்க. துண்டு போத்தின மன்றத் தலைவரு என் தோள்ல கைய வெச்சு, ரகசியம் மாதிரி சொன்னாரு:

"நல்லாதான் பாடற தம்பி. ஆனா ஒரகடம் ஏழுமலைய காப்பி அடிக்கிறது நல்லா தெரியுது, அத மட்டும் விட்டுடு."

டீக்கடையில கேட்டேன்

அதுக்கு மேல என்னால முடியல. மறுநாள் ஷிஃப்ட் முடிஞ்சு ஒரகடம் கூட்ரோட்டு டீக்கடையில அவரைப் பிடிச்சேன். அண்ணே, அந்தப் பாட்டு என்னோடதுன்னு சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவாரு, மறுப்பாரு, சண்டைக்கு வருவாருன்னு எல்லாத்துக்கும் தயாராப் போயிருந்தேன். அவர் டீய ஆத்திக்கிட்டே, அது ஆரம்பத்துலருந்தே தெரியும்னு சொல்லிட்டாரு. போர்வைக்குள்ள ஒருத்தன் மெட்ராஸ் பாஷை பேசுறான்னு செல்வகுமார் சொன்னப்பவே தெரியுமாம். தான் பேசுற பேச்சு தன் காதுக்குத் தெரியாதான்னு கேட்டாரு.

அப்போ என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னீங்களான்னு கேட்டேன். அதுக்கும் தலைய ஆட்டல. அன்னைக்கு ஹெச்.ஆர். ரூம் உள்ள போனதும் அந்தம்மாகிட்ட அவர் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பையன் இன்னா சொன்னாங்கிறதுதானாம். தெரியாதுன்னு சொன்னான்னு அவங்க சொல்லியிருக்காங்க. நான் தலை குனிஞ்சேன். கோவமா வந்தவன், எனக்கே என் மேல அசிங்கமா இருந்துச்சு. பாட்டைத் திருப்பிக் கேக்கவா வந்தேன், மன்னிப்புக் கேக்கவா வந்தேன்னு எனக்கே தெரியல. அவர் டீயக் குடிச்சு முடிச்சு கிளாஸ வெச்சாரு.

"பெத்தவனே தெரியாதுன்னு கைய விரிச்சிட்ட. அப்பால அதத் தூக்கினு வந்து ஊரு முன்னாடி என்னுதுன்னு சொன்னவன்தான்டா அப்பன்."

மாட்டிக்கக் கூடாது மாட்டிக்கக் கூடாதுன்னு பயந்து பயந்தே பாடினவன், சகோதரர்களே, கடைசி வரைக்கும் மாட்டிக்கவே இல்ல.